போட்டி வேண்டும் என்கிறார் தர்மன். என் வாக்கு அவருக்குத்தான்

நேற்று, 2023 ஜூலை 26, முன்னாள் மூத்த அமைச்சர் தர்மன் சண்முகரத்னம் சிங்கப்பூர் அதிபர் தேர்தலுக்கான பிரசாரத்தைத் தொடங்கிப் பேசியதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவும் நானும் கைபேசியில் பார்த்தோம். அம்மா பொதுவாக அரசியல் பேச்சுகளை முழுதாகக் கேட்க மாட்டார். பாதியில் எழுந்து துணி மடிக்கப் போய்விடுவார். நேற்று எழுந்திருக்கவில்லை. அனைவருக்கும் மரியாதை என்பதையே தன் முழக்கமாக அவர் முன்வைத்தபோது, "அந்த இடத்தைத் திரும்பப் போடு" என்றார்.

அம்மா 12 ஆண்டுகளாக ஓர் உணவங்காடி நிலையத்தில் மேசை துடைக்கிறார். 2021 முதல் சாப்பிட்டவர்களே தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது கட்டாயமானது. அதனால் வேலை குறைந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையவில்லை. ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு, மற்றவற்றுக்குத் தனி அடுக்கு. மாற்றி வைத்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கணக்கில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் எடுத்து உரிய அடுக்கில் வைப்பார். ஒருநாள் அவரை அழைத்துவரப் போனபோது அடுக்குக்கு அருகில் கால் மணி நேரம் நின்று பார்த்தேன். வந்தவர்கள் எல்லாரும் தட்டை ஒழுங்காகக் கொண்டுவந்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். கிண்ணத்துக்குள் கிண்ணத்தை அடுக்கி, சாப்ஸ்டிக்கை அதன்மேல் நேராக வைத்து, தலையசைத்துவிட்டுப் போன ஒரு சீன முதியவர். "தினமும் வருவார், பெயர் தெரியாது" என்றார் அம்மா.

அதிபர் பதவிக்கு வருகிறவர் கொள்கை வகுக்க முடியாது, அப்புறம் பண்பாடு, மரியாதை என்று பேசி என்ன பயன் என்று நேற்றிரவே நண்பர் ஒருவர் கேட்டுவிட்டார். நான் அந்த அடுக்கைத்தான் நினைத்துக்கொண்டேன். தட்டு தானாக அடுக்குக்கு வருவது சட்டத்தால் நடந்தது. அங்கே நிற்கும் பெண்ணை ஏறிட்டுப் பார்க்கச் செய்ய எந்த அமைச்சாலும் முடியாது. நாட்டின் முதல் குடிமகன் அதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே இருந்தால், தானும் அப்படியே நடந்து காட்டினால், கொஞ்சமாவது முடியும் என்று நம்புகிறேன். சிங்கப்பூர் ஒளிவிடும் இடமாகத் தொடர வேண்டுமானால் நம் பண்பாடு இன்னும் வளர வேண்டும் என்று அவர் சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

என்னை அதைவிடவும் தொட்ட விஷயம் வேறு. போட்டியில்லாமல் வெல்வதைத் தாம் விரும்பவில்லை, போட்டி வேண்டும் என்று அவர் சொல்லிவருகிறார். மக்கள் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறை 1991இல் வந்தது. 1993, 1999, 2005, 2011, 2017 என ஐந்து முறை தேர்தல் வந்தும், நாம் வாக்குச்சாவடிக்குப் போனது 1993இலும் 2011இலும் மட்டுமே. மற்ற மூன்று முறையும் போட்டியே இல்லை. 2011இல் டோனி டான் வென்ற வித்தியாசம் 7,382 வாக்குகள். அந்த ஆண்டு என் முதல் வாக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, என் ஒரு வாக்குக்கும் எடை இருக்கிறது என்று தோன்றியது. 2017இல் அந்த வாய்ப்பு இல்லாமல் போனபோது ஏமாந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்போது அதிபரான ஹலிமா யாக்கோப்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

தமிழர் என்பதால்தானே ஆதரிக்கிறாய் என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். பெருமை இருக்கிறது, ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்? எஸ்.ஆர். நாதன் இரண்டு தவணை அதிபராக இருந்தார். இரண்டு முறையும் எதிர்த்து நிற்கத் தகுதி பெற்றவர் எவரும் இல்லை. ஆகவே ஒரு தமிழர் நாடு முழுவதையும் பார்த்து "எனக்கு வாக்களியுங்கள்" என்று இந்தப் பதவிக்காகக் கேட்பது இதுவே முதல் முறையாக இருக்கும். இந்தியர்கள் இங்கே ஏறக்குறைய 9 விழுக்காடு. நம் வாக்கை மட்டும் வைத்து எவரும் வெல்ல முடியாது. சீனரிடமும் மலாய்க்காரரிடமும் போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும். தோற்கவும் கூடும் என்று தெரிந்தே கேட்கிறார் பாருங்கள், அந்தத் துணிவுக்குத்தான் என் ஆதரவு.

ஆளும் கட்சியில் 20 ஆண்டுகளுக்கும் மேல் இருந்தவர் எப்படிச் சுயேச்சையாக நடப்பார் என்ற கேள்வி நியாயமானது. ஜூலை 7ஆம் தேதி கட்சியிலிருந்து விலகியதாலேயே ஒருவர் மாறிவிடுவார் என்று நான் சொல்ல மாட்டேன். 2009இன் பொருளாதார நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். நாட்டின் இருப்பு நிதியிலிருந்து 490 கோடி வெள்ளி எடுக்க அரசாங்கம் அதிபர் நாதனிடம் ஒப்புதல் கேட்டது. அப்போது நிதியமைச்சர் தர்மன். அந்த நிதிப் பெட்டகத்தின் இரண்டாம் சாவியான அதிபரின் ஒப்புதல் எதற்கு என்று, அதைத் திறந்து தரும்படி கேட்ட பக்கத்தில் நின்றவருக்குத் தெரியும். எந்தக் கணக்கைக் காட்டுவார்கள், எதைக் காட்டாமல் விடக்கூடும் என்பதும் தெரியும். அந்த அறிவை இனி நம் பக்கம் நின்று பயன்படுத்துவாரா என்பதை, வென்றால், நாம்தான் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் கவனிப்பேன்.

"நம்மைப் போன்றவர்களிடம் வந்து கேட்டால்தானே, நாம் கொடுக்கவும் முடியும், கொடுக்காமல் இருக்கவும் முடியும்" என்றார் அம்மா, கைபேசியைத் திருப்பித் தரும்போது.

இதை எழுதும்போது வாக்களிப்பு நாள் இன்னும் அறிவிக்கப்படவில்லை. ஆனாலும் இன்று காலை வேலைக்குப் போனதும் மேற்பார்வையாளரிடம், அந்த நாள் எதுவானாலும் காலை நேர வேலைக்குத் தன்னைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.