வாடகையை மறைக்கச் சொல்லாதீங்க

கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் அப்பா கட்டின வீடு தங்கச்சி பேரில் இருக்கிறது. அவள் கல்யாணமாகி வேலந்தாவளம் பக்கம் போய்விட்டாள், வேலை கோயம்புத்தூரில். வீட்டை மாதம் 12,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஒருவர், "வாடகையைக் காட்டினா வருமானம் 12 லட்சம் தாண்டிரும், வரித் தள்ளுபடி போயிரும், விட்டுருங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். கேட்டதும் வயிறெரிந்தது.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய வருமான வரி முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவில் 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி. வாடகையும் இந்த வருமானத்தில் சேரும், அது சரிதான். ஆனால் 12,000-ஐ 12-ஆல் பெருக்கி அப்படியே சேர்க்கக் கூடாது!

தங்கச்சி சம்பளம் 11,50,000. சம்பளக்காரர்களுக்குத் தரும் நிலையான கழிவு 75,000 போனால் 10,75,000. வருட வாடகை 1,44,000. பஞ்சாயத்துக்குக் கட்டிய வீட்டு வரி 4,000-ஐக் கழித்தால் 1,40,000. அதில் 30 சதவீதம், 42,000, சட்டமே கழித்துத் தருகிறது. ஓடு மாற்றினோமா, சுண்ணாம்பு அடித்தோமா என்று பில் கேட்கமாட்டார்கள். மிச்சம் 98,000. மொத்தம் 11,73,000. வரி ஒரு பைசா இல்லை. இதற்கா பொய் சொல்லணும்?

ஒன்று கவனிக்கணும்: வீட்டு வரியை அந்த வருடத்திலேயே நாம் கட்டியிருக்கணும். குடியிருப்பவர் கட்டினால் நமக்குக் கழிவு இல்லை. மலையாளத்தில் இருக்கிற ரசீதுதானே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒருவேளை 12,19,000 ஆகிவிட்டால்? சாதாரணக் கணக்கில் வரி 62,850 வரும். ஆனால் 12 லட்சத்துக்கு மேல் கூடிய 19,000-ஐத் தாண்டி வாங்கமாட்டார்கள், அதன் மேல் 4 சதவீத செஸ் என்கிற கூடுதல் வரி மட்டும். பழைய முறையில்தான் இந்தச் சலுகை கிடையாது. அங்கே 5 லட்சத்துக்கு மேல் கொஞ்சம் கூடினாலும் 12,500 தள்ளுபடி முழுசாகப் போய்விடும். பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் எந்த முறையில் இருக்கிறோம் என்று முதலில் பாருங்கள்.

மறைத்தாலும் நிற்காது. குடியிருப்பவர் வீட்டு வாடகைப்படிக்கு (HRA) வரிச் சலுகை வாங்கத் தன் அலுவலகத்தில் வாடகை ரசீது கொடுக்கிறார். வருட வாடகை ஒரு லட்சம் தாண்டினால் வீட்டுக்காரர் பான் நம்பரும் கொடுக்கணும். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லப்போவது அவள்தான், யோசனை சொன்னவர் இல்லை.

நேற்று ராத்திரி அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வீட்டு வரி ரசீதுகளை எடுத்து வைத்தோம். இந்த வருடம் வாடகையைக் காட்டித்தான் தாக்கல் செய்யப் போகிறாள்.