நாகர்கோவில் 1818-இல் பிறந்த ஊரா?

"1818-இல் மிஷனரிகள் காடு திருத்திக் குடியேறியதால்தான் நாகர்கோவில் உண்டானது" என்று குமரி மாவட்ட வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தி தவறானது. அவ்வாண்டில் மிஷனரியான சார்லஸ் மீட், லண்டன் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் தலைமையிடத்தை மயிலாடியிலிருந்து இங்கு மாற்றினார் என்பதும், பள்ளியும் அச்சகமும் அதன்பின் வளர்ந்தன என்பதும் உண்மையே. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால், இன்று நகரின் ஒரு பகுதியாகிவிட்ட கோட்டாறு, முதலாம் குலோத்துங்க சோழன் படை நிறுத்திய பழைய வணிகத்தலம். கலிங்கத்துப்பரணியும் அதைக் குறிப்பிடுகிறது. ஊருக்குப் பெயர் தந்த நாகராஜா கோயிலின் தூண்களில், சமணத் தீர்த்தங்கரர்களான (சமண சமயத்தின் பெரும் குருமார்கள்) மகாவீரரையும், பாம்பு தலைமேல் படம் விரித்திருக்கும் பார்சுவநாதரையும் இன்றும் காணலாம். அவை அங்கு முன்பு நிலவிய சமண வழிபாட்டின் தடயங்கள்.