பம்பாஸ் புல்வெளி விரியன்: சில திருத்தங்கள்
தென் அமெரிக்கப் பம்பாஸ் புல்வெளியில் வாழும் நச்சுப் பாம்பான யராரா கிராண்டே (அறிவியல் பெயர் பொத்ராப்ஸ் ஆல்டர்நேட்டஸ்) பற்றிய உங்கள் கட்டுரையில், அது புதரில் முட்டையிடும் என்றும் குட்டிகள் தவளை தின்னும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

இது குட்டி போடும் விரியன். தென்கோளத்தில் கோடை முடியும் தறுவாயில்தான் ஈனும். அடுத்த ஈற்றுக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்க்க அவகாசம் தேவைப்படுவதால் பெண் பாம்பு பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒரு ஆண்டுதான் ஈனுகிறது. பொத்ராப்ஸ் பேரினத்தின் பல விரியன்கள் சிறுவயதில் தவளை, பல்லி தின்று வளர்ந்தபின் எலிக்கு மாறும். இதுவோ பிறந்த நாள் முதலே பாலூட்டிகளைத்தான் பிடிக்கும். பெரியதானால் காட்டுச் சீமைப்பெருச்சாளி வரை விழுங்கும். வயலோரம், சதுப்பு விளிம்பு என்று எலி மிகுந்த இடங்களில் இதைப் பார்ப்பது அதனால்தான்.

அடையாளம் காண விலாவைப் பாருங்கள்: வெளிர் விளிம்பிட்ட அடர்பழுப்புத் திட்டுகள், பழைய டெலிபோன் ரிசீவரைக் கவிழ்த்து வைத்த வடிவில் இருக்கும். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே வெப்பம் உணரும் குழி உண்டு. இதே வண்ணத்தில் திரியும் ஸீனோடான் டோர்பிக்னியி என்ற வேறொரு பாம்புக்கு அந்தக் குழி கிடையாது. அதன் மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். பாவம், விரியன் என்று நினைத்து அதையும் அடித்துக் கொன்றுவிடுகிறார்கள்.

கடிபட்டால் கட்டுப் போடச் சொல்லியிருப்பதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். இந்த நஞ்சு கடிவாயில் தசையை அழுகச் செய்யும், இரத்தம் உறையாமல் கெடுக்கும். இறுகக் கட்டினால் நஞ்சு அங்கேயே தேங்கி, ரத்த ஓட்டமும் நின்று, காலையே இழக்க நேரிடும். கீறவும் கூடாது, ரத்தம் நிற்காது. மோதிரம், காலணியைக் கழற்றி, காலை அசைக்காமல் நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.