அந்த 45 கோடி டாலர் மொத்தச் செலவு அல்ல

"இறக்குமதியால் வேலை போனவர்களுக்கு அமெரிக்க அரசு தந்த உதவிக்கு ஆண்டுக்கு 45 கோடி டாலர் உச்சவரம்பு" என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. 2015 சட்டத்தின் அந்த வரம்பு மறுபயிற்சி, வேலை தேடல், இடமாற்றம், நிர்வாகம் போன்றவற்றுக்கு மட்டும். வாராந்தர உதவித்தொகைக்கு வரம்பே இருக்கவில்லை. தகுதியுள்ளவர் எண்ணிக்கையோடு செலவும் ஏறி இறங்கியது.

குறைந்த சம்பளத்தில் புது வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கான ஊதியக் காப்பீடும் தனிக்கணக்குதான். 50 வயது கடந்தவர் ஆண்டுக்கு 45,000 டாலர் சம்பள வேலையை இழந்து 38,000-க்குச் சேர்ந்தால், வித்தியாசத்தில் பாதி, ஆண்டுக்கு 3,500 டாலர் கிடைத்தது. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து உச்சம் 10,000.

இன்னொன்று: வேலை போனதும் பணம் தானாக வரவில்லை. வேலை போனதற்கு இறக்குமதிதான் காரணம் என்று தொழிலாளர் துறை சான்றளிக்க வேண்டியிருந்தது. பொதுவாக 26 வாரக் கெடுவுக்குள் பயிற்சியில் சேர வேண்டியிருந்தது. பலர் கோட்டைவிட்டது இங்கேதான். 2022 ஜூலை 1 முதல் புதுச் சான்றளிப்பும் நின்றது. அதற்குப் பிந்தைய செலவுக் குறைவைத் தேவை குறைந்ததாகப் படிப்பது பெரிய தவறு.