கால் நகராத திங்கட்கிழமை

போன வருடம் ஒரு திங்கட்கிழமை. குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு போயிருந்தேன். எங்கள் ஏரி ஆக்கிரமிப்பு பற்றி அது எத்தனையாவது மனு என்று எனக்கே கணக்கு விட்டுப்போயிருந்தது. கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ ஆறி ஆடை கட்டியது. எழுந்து சாலையைக் கடக்கக் கால் வரவில்லை. காய்ச்சல், தலைவலி எதுவுமில்லை. மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பல மாதம் முன்பிருந்தே கோளாறுதான். குழுவில் யார் எது கேட்டாலும் எரிந்து விழுவேன். எந்த ஏரிக்காக அலைந்தேனோ, அதன் கரையில் போகப் பிடிக்காமல் பைபாஸில் சுற்றிப் போவேன்.

'பர்ன் அவுட்', அதாவது உழைத்து உழைத்து உடம்பும் மனசும் தீய்ந்துபோவது, ஐடி கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். ஆனால் 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் அதைப் பற்றி எழுதியது, நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் வேலை பார்த்த தொண்டர்களை வைத்து. அவரும் அங்கே ராத்திரி ராத்திரியாக உழைத்துப் படுத்தவர்தான்.

நம் ஊரில் களைத்தவரை நாம் நடத்தும் விதமே வேறு. இரோம் ஷர்மிளாவை நினைத்துப் பாருங்கள். 2000 நவம்பரில், மணிப்பூரின் மாலோமில் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ராணுவத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் சட்டத்தை நீக்கச் சொல்லி அவர் தொடங்கிய உண்ணாவிரதம். பதினாறு வருடம் மூக்கில் குழாய் விட்டுத்தான் ஆகாரம். 2016 ஆகஸ்டில் உள்ளங்கையில் கொஞ்சம் தேன் விட்டு நக்கி முடித்துக்கொண்டார். அதுவரை கொண்டாடியவர்களில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தங்கப் போன இடத்தில் எதிர்ப்பு வந்து, மறுபடி ஆஸ்பத்திரிக்கே திரும்பினார். மறு வருடத் தேர்தலில் விழுந்த ஓட்டு 90. அப்புறம் கொடைக்கானலில் கல்யாணம் செய்துகொள்ள வந்தால், நம் ஆட்களே ஆட்சேபனை மனு போட்டார்கள்! ஒருத்தர் தலையில் மொத்தப் பாரத்தையும் ஏற்றிவிட்டு, அவர் இறக்கிவைத்தால் துரோகம் என்பது என்ன நியாயம்?

எனக்குக் கூடங்குளத்துக்குப் பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரைதான் சரியான பாடமாகப் படுகிறது. கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011-இல் தொடங்கியது, பிறகு முறை வைத்துத் தொடர் உண்ணாவிரதமாக வருடக்கணக்கில் நீண்டது. பந்தலில் உட்கார்ந்தே பெண்கள் பீடி சுற்றினார்கள். போராட்டமும் நடந்தது, உலையும் கொதித்தது. (அடுப்பு உலையைச் சொல்கிறேன்.) அணு உலை நிற்கவில்லை என்பது வேறு கணக்கு. வழக்குகளின் பாரமும் சின்னதில்லை. ஆனாலும் ஒருத்தர் வீட்டுக்குப் போனால் பந்தல் காலியாகிவிடாது என்ற ஏற்பாடு அங்கே இருந்தது.

நான் குணமானதும் அப்படித்தான். நடுவில் ஒருவர் யோகா வகுப்புக்குக் கூப்பிட்டார், நாலு நாள் போய்த் தூங்கினேன். தூக்கம் நல்லதுதான். ஆனால் தெம்பு வந்தது, பையைக் கொடுத்த அன்றைக்கு. மனு நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், ஆர்டிஐ பதில்கள் எல்லாம் இருந்த ஜவுளிக்கடைப் பை அது. குழுவில் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்களிடம் கொடுத்தேன். "அண்ணா, இதையெல்லாம் நீங்க தனியாவா வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் ஒருத்தி. பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. 'வேறு யாருக்கும் தெரியாது' என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவன் நான்தானே.

இப்போது மாதத்தில் ஒரு திங்கள் மட்டும் என் முறை. ராத்திரி ஒன்பதுக்கு மேல் குழு போன் இன்னொருவர் கையில்.

போன வாரம் மனுவில் புல எண்ணைத் தப்பாக எழுதிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் பார்த்தேன், கை துறுதுறுத்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். இந்த வாரம் அவர்களே திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.