முதலில் போன் போடுகிற பண்ணைக்காரரைக் காப்பாற்றுங்கள்

ஆலப்புழை பக்கம் வாத்து செத்தது என்று டிவியில் ஒரு வரி ஓடினால் போதும், நாமக்கல்லில் முட்டை விலை ஆட ஆரம்பித்துவிடும். வாளையாறு சோதனைச்சாவடியில் லாரி டயருக்கு மருந்து அடிக்கிற படம் மறுநாள் பேப்பரில் வரும், சிக்கன் சாப்பிடலாமா கூடாதா என்று வாட்ஸப்பில் ஒரு வாரம் ஓடும், அப்புறம் எல்லோரும் மறந்துவிடுவோம். என் பெரியப்பா வீட்டில் லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழிப் பண்ணை, இருப்பதால் எங்கள் குடும்பத்தில் அவ்வளவு சீக்கிரம் மறக்க முடிவதில்லை. பறவைக் காய்ச்சலும் மற்ற கால்நடை நோய்களும் எப்படிப் பரவுகின்றன என்று வெளிநாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளைக் கொஞ்ச காலமாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரே ஒரு விஷயம்தான் மனதில் பெரிதாகி நிற்கிறது. எந்த நாட்டில் எந்த நோயாக இருந்தாலும், முதல் பண்ணைக்காரர் எப்போது வாய் திறந்தார் என்பதைப் பொறுத்துத்தான் சேதத்தின் அளவு இருந்திருக்கிறது. நம் நாட்டில் அவர் வாய் திறப்பதற்கு நாம் எந்தக் காரணமும் கொடுத்து வைக்கவில்லை.

யாரைக் கேட்டாலும் வலசைப் பறவைதான் காரணம் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் வாத்துகளிடம் கண்டறியப்பட்ட எச்5என்1 என்கிற பறவைக் காய்ச்சல் வைரஸ் வகை, அடுத்த வருடமே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேரைக் கொன்றது. 2005இல் சிங்காய் ஏரியில் காட்டுப் பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன, அதில் அதிகம் அடிபட்டது வரித்தலை வாத்து, பனிக்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கு வந்து போகிற அதே இனம் (இதைப் படித்துவிட்டு யாரும் அந்த ஊர்ப் பறவைகள் மேல் பாய வேண்டாம், பெற்ற பிள்ளையைப் போல அவற்றைப் பார்த்துக்கொள்கிற ஊர் அது). 2021 கடைசியில் அட்லாண்டிக்கைத் தாண்டி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வந்திறங்கிய வைரஸ், இரண்டே வருடத்தில் தெற்கே அர்ஜென்டினா வரை போய் வால்டெஸ் தீபகற்பத்தில் சுமார் 17,000 யானைச்சீல் குட்டிகளைக் கொன்றது. இந்தத் தூரத்தையெல்லாம் சிறகுதான் கடக்கும்.

ஆனால் ஒரு மாவட்டத்துக்குள் ஒரு பண்ணையிலிருந்து பக்கத்துப் பண்ணைக்கு எப்படிப் போகிறது என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் 2015இல் பறவைக் காய்ச்சலால் சுமார் 5 கோடி கோழிகளும் வான்கோழிகளும் போயின. வைரஸின் மரபணுவைப் படித்து ஒப்பிட்டார்கள். இரண்டு பண்ணைகளில் எடுத்த மாதிரி கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம், வித்தியாசம் கூடுதலாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெளியிலிருந்து வந்திருக்கிறது. அப்படிப் பார்த்ததில் அந்த வருடத் தொற்றில் பெரும்பகுதி, ஏறக்குறைய 70 சதவீதம், பண்ணைக்குப் பண்ணை போனது. தீவன லாரி, பொதுவாக வைத்துக்கொண்ட கருவிகள், இரண்டு மூன்று பண்ணையில் மாறிமாறி வேலை பார்த்த ஆட்கள் என்று வழிகள் பல. 2022இல் மறுபடி வந்தபோது கணக்கு தலைகீழாக மாறிவிட்டது, பெரும்பாலானவை காட்டுப் பறவைகளிடமிருந்து நேரடியாக வந்தவை. ஒரே நாடு, ஒரே தொழில், ஏழே வருட இடைவெளி. முதல் வகை என்றால் லாரியைக் கழுவவும் ஆட்கள் செருப்பு மாற்றவும் செலவு செய்ய வேண்டும், இரண்டாவது வகை என்றால் கொட்டகைக்கு வலை கட்டவும் குடிநீரைச் சுத்தம் செய்யவும் செலவு செய்ய வேண்டும். எது என்று தெரியாமல் டயருக்கு மட்டும் மருந்து அடித்துக்கொண்டிருந்தால் பண்ணைக்காரர் பணமும் போகும், கோழியும் போகும்.

2001இல் பிரிட்டனில் வந்த கோமாரி கதை இன்னும் பயங்கரம். நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணை, ஹோட்டல் மிச்சத்தை ஒழுங்காக வேகவைக்காமல் தீனியாகப் போட்ட இடம். அங்கிருந்து பக்கத்து ஆடுகளுக்குப் போய், அந்த ஆடுகள் ஹெக்ஸம் சந்தைக்கும் அங்கிருந்து லாங்டவுன் சந்தைக்கும் போய், வியாபாரிகள் கைமாறி நாடு முழுக்கப் பிரிந்துவிட்டன. ஆட்டுக்குக் கோமாரி வந்தால் மாட்டுக்கு வருகிற மாதிரி பளிச்சென்று தெரியாது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. பிப்ரவரி 20ஆம் தேதி நோய் உறுதியானபோது ஏற்கனவே குறைந்தது 57 இடங்களுக்குப் பரவிவிட்டிருந்தது. கடைசியில் கொல்லப்பட்டவை 60 லட்சத்துக்கும் மேல். அந்தப் பன்றிப் பண்ணைக்காரர் நோயைத் தெரிவிக்காததற்காகப் பின்னால் தண்டிக்கப்பட்டார். தண்டனை சரிதான், ஆனால் அதனால் ஒரு ஆடு கூட உயிர் பிழைக்கவில்லை. அதற்கப்புறம் அங்கே ஒரு விதி கொண்டுவந்தார்கள்: ஒரு பண்ணைக்குப் புது மாடோ ஆடோ வந்தால் ஆறு நாளைக்கு அங்கிருந்து எதையும் வெளியே அனுப்பக் கூடாது. நம் பொள்ளாச்சிச் சந்தையில் ஒரே நாளில் கர்நாடகம், ஆந்திரா மாடுகள் இறங்கி கேரளாவுக்கு லாரி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும். நம் மாடுகளுக்கும்தான் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை மாட்டியிருக்கிறோம். எந்த மாடு எந்தச் சந்தையிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்று அந்த எண்ணை வைத்து அன்றன்றைக்குப் பதிவு செய்தால், அடுத்த கோமாரிக்கோ 2022இல் ராஜஸ்தானையும் குஜராத்தையும் சூறையாடிய தோல் கழலை நோய்க்கோ பின்னாலேயே ஓடிப் பிடிக்கலாம். ஈயும் கொசுவும் அந்த நோயைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோகும், பக்கத்து மாநிலத்துக்குக் கொண்டுபோவது லாரி.

2024 மார்ச்சில் டெக்சாஸில் நடந்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. கறவை மாடுகள் தீனி குறைத்தன, பால் குறைந்தது, கறந்த பால் சீம்பால் மாதிரி மஞ்சளாகக் கெட்டியாக வந்தது. என்ன நோய் என்று பல வாரம் யாருக்கும் தெரியவில்லை. பண்ணையில் பச்சைப் பால் குடித்த பூனைகள் வரிசையாகச் சாக ஆரம்பித்த பிறகுதான் மாதிரிகளை அனுப்பிச் சோதித்தார்கள், பூனையிலும் பாலிலும் எச்5என்1 இருந்தது. மாட்டின் மடி இந்த வைரஸுக்கு இவ்வளவு வசதியான இடம் என்று அதுவரை யாரும் நினைத்திருக்கவில்லை. மரபணுவைப் பின்னோக்கிப் பார்த்தால் 2023 கடைசியிலேயே பறவையிடமிருந்து மாட்டுக்குத் தாவியிருக்கிறது, அப்புறம் விற்ற மாடுகளோடும் கறவைக் கருவிகளோடும் மாநிலம் மாநிலமாகப் போயிருக்கிறது. (காய்ச்சிய பால், பாஸ்டரைஸ் செய்த பால் குடிப்பதில் பயமில்லை, சூடு இந்த வைரஸைக் கொன்றுவிடும். பச்சைப் பால்தான் ஆபத்து.)

அங்கே நடந்த தவறுகளும் நமக்குப் பாடமாக இருக்க வேண்டும். சோதனைக்கு ஒத்துக்கொண்டால் பாலை விற்க முடியாதோ என்று பண்ணை முதலாளிகள் தயங்கினார்கள். வேலை போய்விடும், நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று தொழிலாளிகள் ஒதுங்கினார்கள். பால் நஷ்டத்தில் 90 சதவீதம் வரை அரசு ஈடுகட்டும் திட்டம் அந்த ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. மரபணுத் தகவலை ஏப்ரலில் பொதுவில் போட்டபோது எந்த ஊர், எந்தத் தேதி என்ற விவரமே இல்லை, அதை வைத்துப் பரவிய பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆராய்ச்சியாளர்கள் கொதித்தார்கள். கொதித்தது நியாயம்தான். அவ்வளவு பணமும் ஆய்வகங்களும் இருக்கிற நாட்டிலேயே இந்த நிலை.

இப்போது நம் பக்கம் வருகிறேன். 2004இல் தாய்லாந்தில் பறவைக் காய்ச்சல் எங்கெங்கே வந்தது என்று வரைபடம் போட்டு ஆராய்ந்தவர்கள், கோழிப் பண்ணை எண்ணிக்கையை விட மேய்ச்சல் வாத்துகளும் வருடத்துக்கு இரண்டு மூன்று போகம் நெல் விளைகிற வயல்களும் இருக்கிற இடங்களோடுதான் அது ஒத்துப்போகிறது என்று கண்டார்கள். அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்ன வாத்துக் கூட்டத்தை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள். வாத்து பல சமயம் நோய் தெரியாமலே வைரஸைச் சுமக்கும். இது அப்படியே ஆலப்புழை பக்கத்துக் குட்டநாட்டுக்கும் நம் டெல்டாவுக்கும் பொருந்துகிற படம். நம் வாத்து மேய்ப்பவர்கள் கேரளா, ஆந்திரா என்று எல்லை தாண்டிப் போகிறவர்கள்தான். குட்டநாட்டில் 2014, 2016, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக வலசைப் பறவை கொண்டுவந்ததா, இல்லை வாத்துக் கூட்டங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறதா? மேய்ப்பவர் எந்த வயலில் எப்போது மேய்த்தார் என்று அவரோடு உட்கார்ந்து பேசாமல் இதற்குப் பதில் கிடைக்காது.

அவர் ஏன் பேச வேண்டும் என்பதுதான் என் கேள்வி. வாத்து சாக ஆரம்பித்ததும் தகவல் சொன்னால் மாதிரி திருவல்லா ஆய்வகத்துக்குப் போகும், அங்கிருந்து போபாலில் இருக்கிற தேசிய ஆய்வகத்துக்குப் போகும், போபால் உறுதி செய்கிற வரைக்கும் நாட்கள் ஓடும். அதற்குள் தானாகச் செத்தவற்றுக்கு மத்திய அரசு விதிப்படி இழப்பீடு கிடையாது, அரசு ஆட்கள் வந்து கொன்றவற்றுக்குத்தான். 2014இல் கேரளாவில் வளர்ந்த வாத்துக்கு 200 ரூபாய், குஞ்சுக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி போட வேண்டிய பணம், பல தடவை மாதக்கணக்கில் இழுத்திருக்கிறது. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கிற எல்லாப் பறவைகளும் கொல்லப்படுவதால் ஊர்க்காரர்களின் கோபம் வேறு, இவன் சொல்லித்தானே எங்கள் கோழி போனது என்று. கடன் வாங்கிக் குஞ்சு இறக்கியவர், முதல் நாலு வாத்து செத்ததும் மிச்சத்தை ராத்திரியோடு ராத்திரியாக விற்றுவிட்டால் அவரை மட்டும் திட்டி என்ன பயன்? அந்த லாரி போகிற வழியெல்லாம் வைரஸ் போகும்.

இங்கிலாந்து 2022 அக்டோபரில் இதைத்தான் மாற்றியது. கொல்கிற வேலை முடிந்தபின் எத்தனை உயிரோடு இருந்தது என்று கணக்குப் பார்க்காமல், கொல்ல முடிவெடுத்த நேரத்தில் இருந்த பறவைகளுக்குக் கணக்கு. சீக்கிரம் சொன்னால் உனக்குத்தான் லாபம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இது கோழி, வாத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. 2021இல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் டெல்லியில் இறந்தான், 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது, இரண்டும் எச்5என்1.

நான் கேட்பது இவ்வளவுதான். தென் மாநிலங்களுக்குள்ளேயே ஒரு ஆய்வகத்துக்கு நோயை உறுதி செய்கிற அதிகாரம் கொடுங்கள். தகவல் சொன்ன நேரத்தில் எத்தனை பறவை இருந்ததோ அத்தனைக்கும் சந்தை விலையில் பணம் கொடுங்கள், அதுவும் ஒரு வாரத்துக்குள். மரபணுத் தகவலை ஊர், தேதியோடு பொதுவில் வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு தொற்றுக்கும், பண்ணைக்காரர் தகவல் சொன்ன தேதி எது, அவர் கைக்குப் பணம் வந்த தேதி எது என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். அந்தப் பட்டியலை வாத்து மேய்ப்பவர்களும் பண்ணைக்காரர்களும் படிக்கட்டும்.