விடுதிக்குள் நடப்பதை முகநூலில் எழுதும் தங்கச்சிமாருக்கு

சேவையில் இருக்கும் ஒரு தாதியால் இதை எழுத முடியாது. எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். நான் ஓய்வுபெற்றுவிட்டேன். திருகோணமலை மாவட்டத்து அரச வைத்தியசாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள், பிற்காலத்தில் விடுதிப் (வார்ட்) பொறுப்பில் இருந்தவள். அந்த உரிமையில் சொல்கிறேன், இளம் தாதியர் கோபிக்காமல் வாசியுங்கள்.

கொஞ்ச நாளாக உங்கள் பதிவுகளைப் பார்த்து வருகிறேன். இரவுக் கடமை முடிந்து களைத்த முகத்தோடு ஒரு செல்பி. விடுதி மேசையில் பிறந்தநாள் கேக். சீருடையோடு டிக்டொக்கில் ஒரு பாட்டு. இடையிடையே மனசைத் தொடும் நீண்ட பதிவுகளும் வருகின்றன. யாரோ ஒரு தாய், யாரோ ஒரு குழந்தை, விடியற்காலையில் ஒரு மரணம். இவற்றை எழுதுகிறவர்கள் மோசமான தாதியர் இல்லை. நோயாளியின் துன்பத்தை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போகிறவர்கள்தான் எழுதுகிறார்கள். வீட்டில் சொல்லி ஆற ஆள் இல்லாதவர்களும் எழுதுகிறார்கள். அதனால்தான் எனக்குக் கவலை. மனசாட்சி உள்ள பிள்ளைகள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, நியமனம் கிடைத்து அதிக காலம் ஆகாதவள், ஒரு பதிவு போட்டாள். உயிரை மாய்க்க முயன்ற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை இரவு கொண்டுவந்திருந்தார்கள். விடிய விடிய அந்தக் கட்டிலடியில் நின்றவள் இவள்தான். பிள்ளை பிழைத்துவிட்டது. வீட்டுக்குப் போனதும், பெற்றோரே, உங்கள் பிள்ளைகளோடு மனம் விட்டுப் பேசுங்கள் என்று உருக்கமாக எழுதினாள். பெயர் இல்லை, படம் இல்லை, வைத்தியசாலையின் பெயரும் இல்லை. ஆனால் வயது இருந்தது. பரீட்சை பற்றி ஒரு வரி இருந்தது. "நேற்று இரவு" என்று இருந்தது. அவள் எங்கே வேலை செய்கிறாள் என்பது அவளுடைய முகப்புப் பக்கத்திலேயே இருந்தது. மத்தியானத்துக்குள் பிள்ளையின் ஊருக்கே தெரிந்துவிட்டது. வயிற்று வருத்தம் என்று அயலில் சொல்லி வைத்திருந்த தாய் தகப்பன் வெளியே தலைகாட்ட முடியாமல் போனார்கள். துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்குப் போன பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. தாதிக்கு முதலில் விசாரணை, அப்புறம் தூர இடத்துக்கு மாற்றம். "சிஸ்டர், நான் பேர் ஒண்டும் போடல்லையே" என்று போனில் அழுதாள். (அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பெயர் போடாவிட்டால் போதும் என்று நினைப்பது கொழும்பில் வேண்டுமானால் கொஞ்சம் பொருந்தலாம். எங்கள் மாவட்டத்தில் பொருந்தாது. மூதூரிலோ தம்பலகாமத்திலோ ஒரு வீட்டு வாசலில் அம்புலன்ஸ் நின்றால் அடுத்த தெருவுக்குத் தெரியும். வயது, ஊர், என்ன வருத்தம், எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார்கள் என்பவற்றில் இரண்டு கிடைத்தாலே மீதியைச் சனம் சேர்த்துக்கொள்ளும். நிலாவெளியில் இருந்து வந்த ஒரு பெண் என்று நீங்கள் எழுதும்போது உங்களுக்கு அவள் யாரோ ஒருத்தி. வாசிப்பவருக்கு அவள் பக்கத்து வீட்டுக்காரரின் மருமகள்.

படங்கள் இதைவிட மோசம். செல்பி எடுக்கும்போது முகத்தைத்தான் பார்க்கிறோம், பின்னால் இருப்பதைப் பார்ப்பதில்லை. வெள்ளைப் பலகையில் கட்டில் இலக்கமும் பெயரும் இருக்கும். மேசையில் யாருடைய டிக்கெட்டோ (நோயாளியின் சிகிச்சைப் பதிவேடு) திறந்தபடி கிடக்கும். எக்ஸ்ரே படத்தின் மூலையில் பெயர் இருக்கும். குழந்தையின் கையில் கட்டிய பட்டியில் தாயின் பெயர் இருக்கும். போனில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் வாசிக்கலாம். தற்செயலாகப் பின்னால் வந்துவிடும் நோயாளிகளை நினைத்தால் எனக்கு இன்னும் பதறும். வெளியில் முக்காடு இல்லாமல் ஒருநாளும் போகாத ஒரு கிண்ணியாத் தாய், வைத்தியசாலை உடுப்போடு தலைமுடி தெரியப் படுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேக் படத்தின் ஓரத்தில் அவள் இருக்கிறாள். அவளுடைய குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய காயம் என்பதை இந்த மாவட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிறந்த குழந்தையைத் தூக்கி வைத்து எடுக்கும் படமும் அப்படித்தான். முப்பத்தொன்று கழியும் வரை குழந்தையை வெளியாருக்குக் காட்டாத வீடுகள் எங்களிடம் நிறைய. அந்தப் படத்தைப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டும்தான் உண்டு. மயக்கம் தெளியாத தாயிடம் "போட்டோ எடுக்கட்டா?" என்று கேட்டு அவள் தலையாட்டினால் அது சம்மதம் இல்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த கட்டிலில் படுக்கும் மாவட்டம் இது. "இந்த ஊர்ச் சனத்துக்குச் சொன்னாலும் விளங்காது", "இவங்களுக்கு வருடத்துக்கு ஒரு பிள்ளை" என்று ஒரு தாதி சலிப்பில் எழுதும் வரி, அவளுடைய நண்பர்களுக்குள் சலிப்பாக இருக்கும். வெளியே போனால் அது ஒரு இனத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். யாரோ அந்த வரியை ஸ்கிரீன்ஷொட் எடுப்பார், தலைப்புப் போடுவார், மாலைக்குள் ஆயிரம் பேர் சண்டை பிடிப்பார்கள். அடுத்த நாள் அந்த ஊரில் இருந்து வரும் கர்ப்பிணி, இந்த மிஸ் என்னைப் பற்றி என்ன எழுதுவாளோ என்ற பயத்தோடு கட்டிலில் ஏறுவாள். பயந்த நோயாளி உண்மையைச் சொல்லமாட்டாள். எத்தனையாவது கர்ப்பம், முன்பு என்ன மருந்து எடுத்தாள், வீட்டில் யார் அடித்தது, எதுவும் வெளியே வராது. இவற்றை மறைத்ததால் உயிர் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாதியை நம்பித்தான் பெண்கள் வாய் திறக்கிறார்கள். டொக்டர் சுற்றி வந்து போன பிறகு, திரை இழுத்த பிறகு, மெதுவாகக் கையைப் பிடித்துச் சொல்வார்கள். அந்த நம்பிக்கை போய்விட்டால் எங்கள் வேலையில் பாதி போய்விடும்.

வட்ஸ்அப்பைப் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். இல்லை. புண்ணைப் படம் எடுத்து டொக்டருக்கு அனுப்புவது இப்போது எல்லா விடுதியிலும் நடக்கிறது. அவசரத்துக்கு அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் குழுவில் வரும் படங்கள், நிறுத்தி வைக்காவிட்டால், தானாகவே ஒவ்வொருவருடைய போனிலும் சேமிக்கப்படும். அந்தப் போனில்தான் வீட்டில் பிள்ளை கேம் விளையாடுகிறது. திருத்தக் கொடுத்த கடைக்காரரும் அதைத் திறப்பார். கடமைப் பட்டியல் போடத் தொடங்கிய குழுவில் இருபது முப்பது பேர் இருப்பார்கள், மாற்றலாகிப் போனவர்கள்கூட வெளியேறியிருக்கமாட்டார்கள். ஸ்டேட்டஸ் 24 மணித்தியாலத்தில் மறையும் என்பதும் ஆறுதல் இல்லை, ஸ்கிரீன்ஷொட் எடுக்க ஒரு நொடி போதும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய விபரத்தைத் தனியான, கூடிய பாதுகாப்புத் தேவைப்படும் வகையில் வைத்திருக்கிறது. 2024 இல், இணையத்தில் போடும் பதிவுகள் பற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. அரச ஊழியர் என்ற வகையில், அரச ஊழியருக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையும் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. சர்வதேசத் தாதியர் பேரவை 2021 இல் திருத்திய ஒழுக்கக் கோவையிலும் சமூக ஊடகம் பற்றிப் பேசுகிறது. வெளிநாடு போக ஆயத்தமாகும் தங்கச்சிமார் கவனியுங்கள்: பிரித்தானியாவில் தாதியரைப் பதிவு செய்யும் சபை சமூக ஊடகத்துக்கென்றே வழிகாட்டல் வைத்திருக்கிறது. அதை மீறினால் பதிவே கேள்விக்குள்ளாகலாம்.

2013 இல் நியூயோர்க்கில் ஒரு அவசர சிகிச்சைத் தாதிக்கு நடந்ததை நான் அடிக்கடி சொல்வதுண்டு. ரயில் மோதிய ஒருவருக்குச் சிகிச்சை செய்து முடித்த பிறகு, அலங்கோலமாகக் கிடந்த வெறும் அறையின் படம் அது. நோயாளி படத்தில் இல்லை. படத்தை முதலில் போட்டவர் ஒரு டொக்டர், தாதி அதைத் தன் இன்ஸ்டகிராமில் பகிர்ந்தாள், அவ்வளவுதான். தாதிக்கு வேலை போனது. டொக்டருக்குப் போகவில்லை. இந்தக் கடைசி விஷயத்தில் எங்கள் ஊருக்கும் நியூயோர்க்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிழை என்று வந்தால் முதலில் தேடப்படுவது தாதிதான். அதுவும் தகுதிகாண் காலத்தில், நியமனம் உறுதியாகாத நிலையில் இருப்பவள் என்றால் கேட்கவே தேவையில்லை.

சரி, அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

நோயாளியின் அந்தரங்கம் ஒரு விஷயம். வைத்தியசாலையில் மருந்து இல்லை, ஆள் இல்லை, ஒரு தாதி ஒரு இரவில் முழு விடுதியையும் பார்க்கிறாள் என்பது வேறு விஷயம். முதலாவது நோயாளிக்குச் சொந்தமானது. இரண்டாவது ஊருக்குத் தெரிய வேண்டியது. மேலிடங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி, "வைத்தியசாலை விஷயம் வெளியே போகக்கூடாது" என்று ஒரே அடியாக அடக்கிவிடுகின்றன. 2022 இல் நாடு எந்த நிலையில் இருந்தது என்று மறந்துவிட்டோமா? அந்த மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலையே மருந்து இல்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அதே வருடம் செப்டெம்பரில், பிள்ளைகள் பாடசாலைகளில் பசியால் மயங்கி விழுகிறார்கள் என்று அதிகாரிகள் சிலர் சொன்ன செய்திகள் வந்த நாட்களில், அரச ஊழியர்கள் சமூக ஊடகத்தில் கருத்துச் சொன்னால் ஒழுக்காற்று நடவடிக்கை என்று பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை விட்டது. அந்தச் சுற்றறிக்கை எந்த நோயாளியைக் காப்பாற்றியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு தாதி, தன் பாட்டனாரைக் கடைசி நாட்களில் பராமரித்த விதம் சரியில்லை என்று 2015 இல் முகநூலில் எழுதினாள். அவளுடைய தொழிற்சபை அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று முடிவு செய்து, தண்டமும் செலவுமாக 26,000 டொலர் கட்டச் சொன்னது. அவள் விடவில்லை. 2020 இல் அந்த மாகாணத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. ஐந்து வருடம் வழக்கோடு அலைவதற்கு அவளுக்குத் துணை இருந்தது. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தத் துணையும் காசும் இருக்கிறது?

அதனால் நான் சொல்வது, வேலைக் கஷ்டத்தைத் தனியாக எழுதாதீர்கள். களைத்துப்போய், கோபத்தோடு, இரவு இரண்டு மணிக்கு ஒருத்தி எழுதினால் அவள் ஒருத்திதான் மாட்டுவாள். தாதியர் தொழிற்சங்கத்தின் பெயரில் கடிதம் போகட்டும், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் எத்தனை நோயாளி, எத்தனை தாதி என்ற கணக்கை விடுதிப் பொறுப்பாளர் ஊடாக எழுத்தில் அனுப்புங்கள். நிர்வாகத்துக்கு எழுத்தில் போனதை அப்புறம் யாரும் "தெரியாது" என்று சொல்ல முடியாது. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு வைத்தியசாலையில் எத்தனை தாதியர் வெற்றிடம் என்று எந்தப் பொதுமகனும் கேட்கலாம். உங்கள் தம்பி கேட்கலாம், பள்ளிவாசல் நிர்வாகம் கேட்கலாம், கோயில் சபை கேட்கலாம். அந்தச் சட்டத்தின் கீழ் வெளியிட அனுமதியுள்ள தகவலை வெளியிட்டதற்காக ஊழியரைத் தண்டிக்க முடியாது என்றும் அதிலேயே இருக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் நாங்கள் இருக்கிறோம். எங்களிடம் சொல்லுங்கள், நோயாளி விபரம் இல்லாமல் நாங்கள் எழுதுகிறோம்.

உங்களைப் படம் பிடிக்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்வையாளர் நேரத்தில் போனைத் தூக்கி நேரலை போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. இரண்டு கட்டிலுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும் தாதியைப் பிடித்து, "கவனிக்கிறாங்க இல்லை" என்று ஊருக்குக் காட்டுகிறார்கள். உறவினரின் தவிப்பு எனக்கு விளங்கும். ஆனால் அந்த நேரலையில் பக்கத்துக் கட்டில்காரரும் இருக்கிறார், அவரிடம் யாரும் கேட்கவில்லை. தாதி அந்த இடத்தில் வாக்குவாதப்படாமல் பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குப் போய் அதற்குப் பதில் பதிவு போடவே கூடாது. போட்டால் நோயாளி ஏன் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டி வரும், அந்த நிமிடமே பிழை உங்கள் பக்கம் வந்துவிடும்.

சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும்: புதிதாக நியமனம் பெற்று வரும் பிள்ளைக்கு முதல் கிழமையிலேயே, எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். விடுதிக்கென்று ஒரு போன் கொடுங்கள், புண்ணின் படத்தைத் தாதி தன் சொந்தப் போனில் எடுக்கும் நிலை வேண்டாம். இரவு ஒரு சாவைப் பார்த்த பிள்ளை காலையில் வீட்டுக்குப் போகுமுன் உட்கார்ந்து பேச ஒரு ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள். அது இல்லாததால்தான் பாதிப் பேர் முகநூலில் எழுதுகிறார்கள்.

இந்தப் பதிவின் கீழே உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். எந்த வைத்தியசாலை, எந்த விடுதி, எந்த நோயாளி என்று தெரியும்படி எழுதினால் அழித்துவிடுவேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். பதில் எழுதிக் கொடுக்குமுன் சங்கத்தில் யாரைப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.